மஞ்சளுக்குத் திரும்பாத நூல்

அத்தியாயம் 9

“உள்ளுக்கு வாயு நிக்குது மர்சூக். குளிரறைக் கதவைத் திறந்தா நீயும் போவாய், உன்ட ஓட்டோக்காரனும் போவான்.”

ஓட்டோக்காரன் என்றால் நான்தான். பெயர் ரதீஸ். மூன்று வருடமாக மர்சூக் நானாவோடு திரிகிறேன். அவருக்கு மூளை, எனக்கு மூன்று சில்லு. இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் துப்பறியும் கம்பனி. ஏறாவூரில் பிறந்த மனிதர்; அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். முன்பு காப்புறுதிக் கம்பனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் பார்த்து, “இது தானா எரிஞ்சதா, எரிச்சதா?” என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் தொழில். இப்போது அதே கேள்வியை மனிதர்களைப் பற்றிக் கேட்கிறார்.

எங்களைப் பயம் காட்டியவர் பெரியகல்லாறு ஐஸ் பெக்டரியின் முதலாளி நல்லரத்தினம். கேற்றுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு காய்ந்து கிடந்தது.

கதை இதுதான். போன வியாழக்கிழமை மத்தியானம் இந்த பெக்டரியிலிருந்து அமோனியா வாயு கிளம்பி, வாவிக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரை ஆசுபத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. அந்த நேரம் எஞ்சின் றூமில் நின்ற ஒரே ஆள் ஒப்பரேட்டர் சிவதர்ஷன். அன்றைக்கே ஆள் மாயம். பிழையான வால்வைத் திறந்துவிட்டுப் பயத்தில் ஓடிவிட்டான் என்று முதலாளி சொன்னார், பொலிசும் அதையே எழுதிக்கொண்டது. இன்று செவ்வாய். ஐந்து நாளாகச் சிவதர்ஷனின் மனைவி கேதீஸ்வரி சாப்பிடவில்லை, நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவுமில்லை.

“அவன் ஓடினது என்டு எப்படிச் சொல்றீங்க முதலாளி?” என்று நானா கேட்டார்.

“அவன்ட காப்பு நூல் வால்வுப் பிடியில மாட்டிக் கிடந்த. நானே எடுத்து, உடன ஒரு பொலித்தீன் பையில போட்டுக் கட்டி பொலிசுக்குக் குடுத்தன். சும்மா நூலில்ல, சிவந்த நூல்! அமோனியா பட்டா மஞ்சள் சிவக்கும். வாயு வந்த நேரம் அவன் அந்த வால்வில கை வச்சிருந்தான் எண்டதுக்கு வேற சாட்சி என்னத்துக்கு?”

“உங்களுக்கு இரசாயனமெல்லாம் தெரியுமே?” என்றேன் நான்.

“அவனே படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்புவான். குழாய்ப் பொருத்தில கட்டின மஞ்சள் துணி சிவந்திட்டுது, வாயு கசியுது, சாமான் மாத்துங்க எண்டு. ஒரு ஏழு படம் வந்திருக்கும். நான் ஒரு நாளும் அந்த எஞ்சின் றூமுக்க கால் வச்சதில்ல; எனக்கு முட்டு, மூச்சு இழுக்கும். அண்டைக்குத்தான் முதல் தரம் போனன்.”

நானா பக்கச் சுவர் ஜன்னலால் எஞ்சின் றூமுக்குள் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். குழாய்க்குக் குழாய், பொருத்துக்குப் பொருத்து மஞ்சள் துணி. உள்ளே ஒரு கலியாண வீடே நடத்தலாம். குளிரறைக் கதவின் கீழ் இடுக்கில்கூட ஒரு நீளத் துணியைச் செருகி வைத்திருந்தான் சிவதர்ஷன். கதவுக்கு மேலே புதுப் பலகையில், ‘வாயு அபாயம். திறக்க வேண்டாம்.’ பக்கத்தில் வாயு நிரப்பிய தாங்கியில் அளவு காட்டும் முள் பாதியில் நின்றது.

“எல்லாம் மஞ்சளாத்தான் இருக்கு நானா,” என்றேன்.

“ஓம். எல்லாம் மஞ்சளாத்தான் இரிக்கி,” என்று சொல்லி, ஜன்னலால் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்தக் குரலில் எனக்கு ஏதோ பிடிக்கவில்லை.

வெளியே ஓட்டோவுக்குள் கேதீஸ்வரி இருந்தாள். மடியில் ஒரு துணிப் பை. நான் ஸ்டார்ட் எடுக்குமுன் கேட்டாள், “கம்பஸுக்குத்தானே? கெதியாப் போங்க அண்ணன்.”

வந்தாறுமூலைக் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, அங்கிருந்து நாற்பது கிலோமீற்றருக்கு மேல். அங்கே இரசாயன ஆய்வுகூடத்தில் இருக்கும் தக்ஷாயினி என்ற பிள்ளை, நானாவின் பழைய கேஸ் ஒன்றில் உதவியவள். சிவந்த நூலை அங்கே கொண்டுவரும்படி வழக்கை விசாரிக்கும் எஸ்.ஐ. பதியுதீனைச் சம்மதிக்க வைப்பதற்குள் நானாவின் தொண்டை வற்றிப்போனது. “நூலில என்ன புதினம் பாக்கப் போறீங்க?” என்று அலுத்துக்கொண்டுதான் அந்த மனிதர் ஒத்துக்கொண்டார்.

கச்சான் காற்று முகத்தில் சூடாக அடித்தது.

“பையில என்ன புள்ள?” என்று நானா கேட்டார்.

“அவர்ர சேட்டும் சாரனும். அஞ்சு நாளா ஒரே உடுப்போட எங்க ஒளிச்சிருக்கிறாரோ. பிடிபட்டா மாத்தக் குடுக்க வேணுமே.”

“பிடிபட்டா, பொலிசில சேட்டுக் குடுக்கமாட்டாங்க தங்கச்சி, மாமியார் வீடு மாதிரிச் சாப்பாடுதான் குடுப்பாங்க,” என்று நான் பகிடி விட்டேன். அவள் சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. எனக்கு மனம் குளிர்ந்துபோனது, இப்போது நினைத்தால் நாக்கைக் கடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

“அந்தக் காப்பு எப்ப கட்டினது?” நானா விடவில்லை.

“போன வாரம் திங்கள், அம்மன் கோயில்ல. தீமிதிப்புக்கு நேர்த்தி. நான்தான் நூலுக்கு மஞ்சள் அரைச்சுக் குடுத்தன். அந்தப் பைப்புத் துணியளுக்கும் நான்தான் மஞ்சள் அவிச்சுக் குடுக்கிற.”

“காப்ப நடுவுல கழட்டலாமா?”

“சீ! தீ மிதிச்சு முடிஞ்சு, பூசகர்தான் அவிழ்க்க வேணும். மறுகா அதை வாவியில விடுவாங்க. நடுவில கழட்டினா குடும்பத்துக்கே ஆகாது. அதுதான் நானா, வால்வில மாட்டி அறுந்திருக்கும். இல்லாட்டி அவர் கழட்டமாட்டார்.” சிறிது நேரம் வெளியே பார்த்துவிட்டுத் திரும்பவும் சொன்னாள், “கெதியாப் போங்க அண்ணன்.”

“இதுக்கு மேல போனா ஓட்டோ பறக்கும் தங்கச்சி. இறங்க இடம் இல்ல,” என்றேன்.

கல்லடிப் பாலம், டவுன், ஏறாவூர், செங்கலடி என்று விரட்டி வந்தாறுமூலை வந்து சேர்ந்தபோது எஸ்.ஐ. பதியுதீன் ஆய்வுகூடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் முடிச்சுப் போட்ட பொலித்தீன் பை. உள்ளே இரத்தச் சிவப்பில் ஒரு நூல்.

தக்ஷாயினி வெள்ளை மேலங்கியோடு வந்தாள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. பையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“அஞ்சு நாளுக்குப் பிறகும் இந்தச் சிவப்பா?” என்றாள்.

“ஏன், மங்க வேணுமா?” என்றார் எஸ்.ஐ.

“மங்கிறதில்ல சேர். திரும்பிப் போக வேணும்.”

அவள் ஒரு புது நூலில் மஞ்சள் நீர் தடவி, அமோனியாக் கரைசல் போத்தலின் வாயில் பிடித்தாள். கண் எரிந்தது. நூல் மளமளவென்று சிவந்தது. போத்தலை மூடி, நூலை வெள்ளை ஓட்டின்மேல் போட்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து சிவப்பு கழன்று, நான்கு நிமிடத்தில் பழைய மஞ்சள் வந்துவிட்டது.

“செப்படி வித்தை!” என்றேன்.

“மீள்தாக்கம். முன்னுக்கும் போகும், பின்னுக்கும் வரும். அமோனியா நூலில நிக்கிற வரைக்கும் சிவப்பு, காத்தில பறந்துபோனா மஞ்சள். அமோனியா செய்யிற பெரிய தொழிற்சாலையிலயும் இதே இழுபறிதான். காத்தில இருக்கிற நைதரசனையும் ஐதரசனையும் அமுக்கி, சூடாக்கி, இரும்புக்கு மேலால விடுவாங்க. ரெண்டும் சேர்ந்து அமோனியா வரும். ஆனா வந்த அமோனியா சும்மா இருக்காது, உடைஞ்சு பழையபடி ரெண்டாகும். ஒரு பக்கம் சேரச் சேர, மற்றப் பக்கம் உடையும்.”

“எங்கட ஊர்ல றோட்டுப் போடுற மாதிரி,” என்றேன். “இந்தத் தொங்கல்ல போட்டு முடிக்க, அந்தத் தொங்கல் உடைஞ்சிருக்கும்.”

எஸ்.ஐ.கூடச் சிரித்துவிட்டார். தக்ஷாயினியும்.

“அதேதான். சேர்ற வேகமும் உடையிற வேகமும் ஒண்டானா சமநிலை. அதுக்கு மேல கூடாது. அதனால வரவர அமோனியாவைக் குளிராக்கித் திரவமா வெளியில எடுத்திருவாங்க. எடுத்தாத்தான் புதுசு சேரும். அப்பிடி எடுக்கிறதாலதான் வயல் வட்டைக்கு யூரியா வருது, ஐஸ் பெக்டரிக்கு வாயு வருது.”

“யூரியாப் பசளை வராத வருசம் எங்கட வயல் வெளுத்துக் கிடந்ததைக் கண்டிருந்தா, அந்த இரும்பைக் கும்பிட்டிருப்பன்,” என்றேன்.

நானா மட்டும் சிரிக்கவில்லை. “மகள், மூடின பைக்குள்ள இருந்தா?”

“அதுதான் கேள்வி. மூடின இடத்தில வாயு தப்பிப் போக ஏலா. முதலாளி சொன்னமாதிரி உடன பையில போட்டுக் கட்டியிருந்தா, உள்ளுக்க வாயு நிண்டு, நூல் சிவப்பாவே இருக்கலாம். பையைத் திறந்தாத் தெரியும். வாயு பட்ட சிவப்பு எண்டா, கொஞ்ச நேரத்தில மஞ்சளாகும்.”

“ஆகாட்டி?” என்றாள் கேதீஸ்வரி. அதுவரை அவள் சுவரோடு நின்றாள், பையைக் கட்டிப்பிடித்தபடி.

நானா அவளை ஒரு கதிரையில் உட்காரவைத்தார். அவர் குரல் தணிந்தால் விசயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

“புள்ள, உண்மைய மறைக்கமாட்டன். இது மஞ்சளானா, முதலாளி சொன்னது மெய். உன்ட புருசன் வாயுக்குள்ள நின்டிரிக்கான், பயந்து ஓடியிரிக்கான். எங்கயோ ஒளிச்சிரிக்கான். மஞ்சளாகாட்டி, இதுக்கு ஆரோ சிவப்புப் பூசியிரிக்காங்க. பொய்ச் சாட்சி. அப்படியெண்டா அவன் ஓடின கதையும் பொய்.”

“மஞ்சளானா உங்கட புருசன் குற்றவாளி தங்கச்சி. பன்னிரண்டு பேர் ஆசுபத்திரியில,” என்றார் எஸ்.ஐ.

“உயிரோட இருக்கிற குற்றவாளி சேர்,” என்றாள் அவள். “மறியல்ல, கம்பிக்குப் பின்னால இருக்கட்டும். நான் போய்ப் பாப்பன். அது மஞ்சளாகட்டும்.”

அந்தக் கணத்தில் நானும் மனதுக்குள் அம்மனைக் கும்பிட்டேன். எங்கள் ஆள் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று. எந்தத் துப்பறியும் உதவியாளனும் இப்படி வேண்டியிருக்கமாட்டான்.

தக்ஷாயினி முடிச்சை வெட்டினாள். நூலை இடுக்கியால் எடுத்து, மஞ்சளான நூலுக்குப் பக்கத்தில் போட்டாள். மூக்கைப் பைக்குக் கிட்டக் கொண்டுபோய், முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். இந்த முறை ஒருவருக்கும் கண் எரியவில்லை.

ஐந்து நிமிடம். சிவப்பு.

“பழைய நூல். சுணங்கும்,” என்றாள் கேதீஸ்வரி.

மின்விசிறியைக் கூட்டினோம். பத்து நிமிடம். எஸ்.ஐ. மணிக்கூட்டைப் பார்த்தார். கேதீஸ்வரி எழுந்து வந்து, மேசையில் கிடந்த எழுதும் கொப்பி ஒன்றை எடுத்து நூலுக்கு விசிறத் தொடங்கினாள். சின்னப் பிள்ளைக்குச் சூடான பாலை ஆற்றுவதுபோல், மெதுவாக. ஒருவரும் தடுக்கவில்லை. எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

“ஓரம் கொஞ்சம் மாறுது... இல்லையா அண்ணன்?” என்று என்னைக் கேட்டாள்.

மாறவில்லை. “பாப்பம் தங்கச்சி,” என்றேன்.

இருபத்தைந்தாவது நிமிடம் நானா அவள் கையிலிருந்து கொப்பியை வாங்கினார். “மகள், இது என்ன சிவப்பு?”

தக்ஷாயினி நூலின் ஓர் இழையைப் பிரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு துளி வினாகிரி விட்டாள். குட்டிக் குட்டிக் குமிழிகள் வந்தன. துளி விழுந்த இடம் மட்டும் மஞ்சளானது. இழைக்குள்ளிருந்து வெள்ளைப் பொடி கரைந்தது.

“சுண்ணாம்பு,” என்றாள். “அது பறந்துபோகாது. அதனாலதான் சிவப்பு நிக்குது.”

மஞ்சளும் சுண்ணாம்பும். ஆலாத்தித் தட்டுக் கரைக்கத் தெரிந்த எந்த வீட்டுக்கும் தெரிந்த சிவப்பு. எத்தனை கலியாணத்தில் கண்ட நிறம், ஐந்து நாளாக எங்கள் மண்டைக்கு எட்டவில்லையே! நல்லரத்தினத்தின் பெருவிரல் நகம் என் கண்முன் வந்து நின்றது.

“வெத்திலை போடுற ஆயிரம் பேர் இருக்கிறாங்க மர்சூக்,” என்றார் எஸ்.ஐ.

“ஓம். ஆனா இந்தப் பிழைய விடக்கூடியவன் ஒருத்தன்தான் இரிக்கான்,” என்றார் நானா. “அந்த பெக்டரியில வேலை செய்யிற எவனும் துணி சிவக்கிறதையும் கண்டிரிக்கான், பொருத்தை இறுக்கினதும் மஞ்சளாகிறதையும் கண்டிரிக்கான். அவன் நூலுக்குச் சுண்ணாம்பு பூசமாட்டான். மஞ்சள் சிவக்கும் என்டு தெரிஞ்சு, திரும்பும் என்டு தெரியாத ஆள் வேணும். ஃபோன்ல ஏழு படம் பாத்த ஆள். படத்தில சிவந்த துணி சிவப்பாத்தானே நிக்கும்?”

எஸ்.ஐ. கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

“நூல வடிவாப் பாருங்க சேர். பூசகர் போட்ட முடிச்சு அப்படியே இரிக்கி. மத்தப் பக்கம் பிசிர் இல்ல. வால்வில மாட்டி அறுந்தது இல்ல இது, கத்தியால வெட்டினது. காலையிலயே முதலாளி சொன்ன கதையில எனக்குச் சந்தேகம். வாயு வந்தப்ப இந்த நூலும் சிவந்துதான் இரிக்கும். ஆனா அவர் வந்து எடுக்கிற நேரம் மஞ்சளாயிட்டு. ஓடினவனுக்குச் சாட்சி வேணுமே, ஏழு தரம் சொல்லியும் மாத்தாத பொருத்து வெடிச்சது என்டு தெரிஞ்சா யாரு மறியலுக்குப் போற? அதுதான் பூசிச் சிவப்பாக்கினார்.”

“எடுக்கிற நேரம் எண்டா... எங்க இருந்து எடுத்த?” என்று கேதீஸ்வரி கேட்டாள்.

நானா அவளைப் பார்க்கவில்லை. கைத்தொலைபேசியை எஸ்.ஐ.யின் முன்னால் வைத்தார். காலையில் ஜன்னலால் எடுத்த படம்.

“குளிரறைக்குள்ள வாயு நிக்கிதாம், திறக்கக்கூடாதாம். கதவு இடுக்கில சிவதர்ஷன் செருகின துணி மஞ்சளா இரிக்கி, பாருங்க. உள்ளுக்கு வாயு நின்டா அது சிவந்திரிக்க வேணும். வாயுவே இல்லாத அறைய, அஞ்சு நாளா ஏன் சேர் பூட்டி வச்சிரிக்கி?”

எஸ்.ஐ. பதியுதீன் தொப்பியையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பெக்டரிக்குக் கிட்ட உள்ள களுவாஞ்சிக்குடிப் பொலிசில் யாரையோ கூப்பிட்டு, பூட்டை உடைக்கச் சொல்லும் சத்தம் கேட்டது.

முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். அதற்குள் தக்ஷாயினி நானாவைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது. “வழக்கு எப்ப வரும்? காத்துப் பட்டுப் பட்டுச் சுண்ணாம்பும் மெல்லமா வீரியம் கெடும். மாசக் கணக்கில போனா இந்தச் சிவப்பும் நம்பேலா.” நானா தலையை மட்டும் ஆட்டினார். நல்லரத்தினத்துக்கு வக்கீல் வைக்க ஆள் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது நிறம் கெடப்போகும் ஒரு முழ நூல்.

கேதீஸ்வரி திடீரென்று கேட்டாள். “நானா, அவர் அண்டைக்கு ஓடப் பாத்தவரா?”

“இல்ல புள்ள. தாங்கியில பாதி வாயு இன்னும் இரிக்கி. ஆரோ வால்வப் பூட்டினதாலதான் அது நின்டிரிக்கி. அங்க நின்டது அவன் ஒருத்தன்தான். ஓடியிருந்தா தப்பியிருப்பான். நின்டு பூட்டியிரிக்கான். இல்லாட்டி அந்தப் பன்னிரண்டு பேரும் ஆசுபத்திரிக்குப் போயிருக்கமாட்டாங்க, மையவாடிக் குழிக்குத்தான்...” நானா முடிக்கவில்லை. அவருடைய கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

எஸ்.ஐ. திரும்பி வந்தார். தொப்பி கையில் இருந்தது. “குளிரறைக்குள்ளதான் இருந்திருக்கிறார் தங்கச்சி,” என்றார்.

கேதீஸ்வரி அழவில்லை. எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“எழுதுங்க சேர்.”

“என்ன தங்கச்சி?”

“என்ட மனிசன் ஓடல்ல எண்டு எழுதுங்க. அஞ்சு நாளா ஓடினான், ஓடினான் எண்டு ஊரே சொன்ன. நானும் அப்பிடித்தானே சேர் நினைச்சுக்கொண்டிருந்தன்... ஓடியிருக்க வேணும் எண்டு. ஓடல்ல எண்டு எழுதுங்க.”

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். எழுதினார்.

“அந்தக் காப்பைத் தாங்க. பூசகரிட்டக் குடுக்க வேணும்.”

“அது சான்றுப் பொருள் தங்கச்சி. வழக்கு முடியும் வரைக்கும் தர ஏலாது.”

அவள் தலையாட்டினாள். துணிப் பையை எடுத்துக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏறினாள். நானா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஸ்டார்ட் எடுத்தேன். ஏறாவூர் தாண்டியது. டவுன் தாண்டியது. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவிக் காற்று உள்ளே வந்தது. இனிப் பெரியகல்லாறுதான். அங்கே பெக்டரி வாசலில் ஊர் கூடி நிற்கும்.

அவள் பையை மடியில் வைத்து, உள்ளே சேட்டின் மடிப்பைச் சரிசெய்தாள்.

“அண்ணன்,” என்றாள்.

“சொல்லுங்க தங்கச்சி.”

“கெதியாப் போகாதீங்க.”

அக்சிலேட்டரை முறுக்கிய கையைக் கொஞ்சம் தளர்த்தினேன். பிறகு இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். பின்னால் வந்த பஸ் கோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு விலத்திப் போனது. சைக்கிளில் மீன் கொண்டுபோன ஒருவர்கூட எங்களை முந்தினார். நான் வேகத்தைக் கூட்டவில்லை.